தராசில் ஏறாத செம்பிலாங்

இரண்டு தாள்

டாக்டர் விமலா இரண்டு தாள்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அச்சுத் தாள். மற்றது நான் பென்சிலால் எழுதிக் கொடுத்த பாரம், அதாவது படகுத்துறையில் மீன் எண்ணி நிரப்பும் படிவம்.

"ஜேம்ஸ், இங்க வா. தண்ணி சொல்லுது செம்பிலாங் இருக்குன்னு. அக்காவோட பாரம் சொல்லுது இல்லன்னு. மூணு வருஷமா ஒரு மீன்கூட இல்ல. நான் எத நம்பறது?"

நான் கழுவுதொட்டியில் மீன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைக் கொஞ்சம் மூடினேன்.

எங்கள் நிலையம் ஜொகூர் நீரிணைக் கரையில் ஓர் ஆறு கடலில் சேரும் வாயில் இருக்கிறது. நான்கு அறையும் ஒரு படகும் உள்ள சின்ன இடம். அந்த ஆற்று வாயிலும் அதை ஒட்டிய சேற்றுத்திடலிலும் என்னென்ன மீன் வாழ்கிறது, வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அந்தத் திடலை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர்கள் டாக்டர் எழுதும் அறிக்கையைத்தான் படிப்பார்கள். டாக்டர்தான் பொறுப்பாளர். ஜேம்ஸ் படகு ஓட்டுவார், வலை போடுவார், தண்ணீர் எடுத்து வருவார். நாற்பது வயதிருக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை அவருடையது. அந்த மாதக் கடைசியில் அவருக்கு வருஷம் முடிகிறது.

தண்ணீரில் மீனைக் கண்டுபிடிக்கும் முறை எங்களுக்கு அப்போது புதிது. மீன் நீந்திப் போன தண்ணீரில் அதன் தோல் தூசியும் சளியும் கழிவும் கலந்திருக்குமாம். அந்தத் தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடித்து அனுப்பினால், தாளில் ஒட்டியதை வைத்து எந்தெந்த மீன் அங்கே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். மீனைப் பிடிக்கவே வேண்டாம். ஆனால் கை சுத்தம், போத்தல் சுத்தம் முக்கியம். வெளியிலிருந்து ஒரு துளி மீன் பட்டாலும் அதுவும் கணக்கில் வந்துவிடும்.

"போத்தல் அழுக்கா இருந்திருக்கும். வேற எப்படி வரும்?" என்றார் டாக்டர்.

"நான் சுத்தமாத்தான் எடுத்தேன் டாக்டர்."

"அப்போ வெறும் போத்தல் எங்க? அதோட முடிவு இதுல வரலியே?"

வெறும் போத்தல் என்பது சாட்சி மாதிரி. நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு போத்தலைப் படகில் கொண்டு போய், கடலில் மூடியைத் திறந்து மூடி, அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அதையும் வடித்து அனுப்ப வேண்டும். அதில் மீன் தெரிந்தால் நம் கைதான் அழுக்கு.

"மூடி வெடிச்சிருச்சு டாக்டர். தூக்கிப் போட்டுட்டேன்."

"நல்லா இருக்கு. அன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"சோறு."

"சோத்துக்கு என்ன?"

"மீன் கறி."

"என்ன மீனு?"

ஜேம்ஸ் தலையைச் சொறிந்தார். "தெரியல டாக்டர். நமக்கு மீனுன்னா போதும், பேர் ஊரெல்லாம் விசாரிக்க மாட்டேன்."

அது பொய். வாலை மட்டும் காட்டினாலே மீனின் பேரைச் சொல்லிவிடுகிற ஆள் ஜேம்ஸ். அந்தக் கறி நான் கொண்டுபோனது. செம்பிலாங் கறி. என் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து இரண்டு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்ததும் நான்தான்.

டாக்டர் அச்சுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். "அக்காவோட பாரத்துல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. மூணு வருஷம். நான் அதத்தான் எடுத்துக்கப் போறேன். தண்ணி முடிவ விட்டுடறேன். ஏன் விட்டேன்னும் எழுதணும். மாதிரி எடுத்த ஆளு கவனமா இல்லன்னு எழுதுவேன், ஜேம்ஸ். வெள்ளிக்கிழமை அனுப்பிருவேன்."

அப்படி எழுதினால் ஜேம்ஸின் வேலை புதுப்பிக்கப்படாது. அது டாக்டருக்கும் தெரியும், ஜேம்ஸுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை. நான் குழாயை மறுபடி திறந்து விட்டேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது

நான் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றேன். கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் வளர்ந்தேன். மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம் அம்மா வாங்கும் கெம்போங் மீன்தான் எனக்குத் தெரிந்த மீன். கல்யாணமாகி பெர்மாஸ் ஜெயா வந்தேன். பத்தொன்பது வருஷம் பேக்டரியில் ஒயர் சோதித்தேன். பேக்டரியை மூடினார்கள். அப்புறம்தான் நிலையத்தில் துப்புரவு வேலை கிடைத்தது.

ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போய் மீன் அளக்கும் வேலைக்கு முதலில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். ஒருநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்கு எழுத வரும்தானே? நம்பர் எழுத வரும்தானே?"

"வரும் டாக்டர். ஆனா பேச வராது."

"பேச வேணாம். பாத்து எழுதணும். அவ்வளவுதான்."

முதல் நாள் ஜேம்ஸ்தான் மீனவர் கிராமத்து ஜெட்டியில் கொண்டுவிட்டார். எனக்கு அங்கே யாரிடமும் முகம் கொடுக்கத் தெரியவில்லை. பலகையையும் பாரத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மரத்தூணுக்குப் பின்னால் நின்றேன். படகுக்காரர்கள் என்னைப் பார்த்து மலாயில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் என்னை மறந்துவிட்டார்கள். அது இந்த வேலைக்கு நல்லதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. அதட்டிக் கேள்வி கேட்கிறவர் வந்தால் படகுக்காரர்கள் நல்ல மீனை மேலே வைப்பார்கள், சின்ன மீனை மறைப்பார்கள். தூணுக்குப் பின்னால் நிற்கிற பொம்பளைக்காக யாரும் எதையும் மறைக்கவில்லை.

வேலை இதுதான். காலையில் சம்பான் என்கிற சின்னப் படகுகள் கரைக்கு வரும். கூடையை மீன் வாங்கும் தவுக்கேயின், அதாவது முதலாளியின், தராசில் வைப்பார்கள். தராசில் ஏறிய கூடையில் என்னென்ன மீன், எத்தனை என்று நான் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையிலும் கைக்கு வந்ததை எடுத்து, ஆணி அடித்த அளவுப் பலகையில் மூக்கை முட்ட வைத்து நீளம் பார்க்க வேண்டும். பெரியதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. கண்ணை மூடி எடுத்ததுபோல எடுக்க வேண்டும்.

பாரத்தில் மீன் பேரெல்லாம் வரிசையாக அச்சடித்திருக்கும். பக்கத்தில் கட்டம். முதல் வாரம் வராத மீனுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டேன். டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்.

"காலியா விடாதீங்கக்கா. மறந்துட்டீங்களா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. இல்லன்னா சைபர் போடுங்க."

அன்றிலிருந்து சைபர் போட்டேன். நல்ல வட்டமான சைபர்.

மற்ற முறைகளையும் கூடவே பார்த்தேன். தண்ணீர் வற்றும்போது சதுரச் சட்டத்தைக் கடற்புல்லின் மேல் போட்டு உள்ளே இருப்பதை எண்ணுவோம். ஜேம்ஸ் பகலில் கரைவலை இழுப்பார். ஒரு தடவை சாளை மீனைப் பையில் கட்டி, அதன் முன்னால் கேமராவை வைத்துக் கடலுக்குள் இறக்கினார்கள். ஒரு மணி நேரப் படம். எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் ஒரு நண்டுக் கால் வந்து போனது.

"டாக்டர், இது தே தாரிக் பால் டீக்குள்ள இருந்து எடுத்த படம்" என்றார் ஜேம்ஸ். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். எங்கள் தண்ணீர் அவ்வளவு கலங்கல்.

செவ்வாய்க்கிழமைப் பை

ஜெட்டியில் கடைசி வீடு பாக் லெமானுடையது. அவர் சம்பான் ஓட்டுவார். அவர் மனைவியை எல்லாரும் காக் சோம், அதாவது சோம் அக்கா, என்பார்கள். என் வயதுதான். என் முறை நாளான செவ்வாய் ஒன்றில் நல்ல மழை. பாரம் நனையக் கூடாது என்று நான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூணை ஒட்டி நின்றேன். காக் சோம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் திணித்தார். உள்ளே மூன்று செம்பிலாங்.

"வேணாம் காக். ஆபிஸ்ல வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அலமாக், நீ என்ன போலீஸா? இது விக்கிற மீனில்ல. இது லௌக். வீட்டுக்குப் போய்க் கறி வை."

லௌக் என்றால் அவர்களுக்குச் சோற்றுக்குச் சேர்த்துக்கொள்வது. அந்த ஜெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வருவதற்கு முன்பே வீட்டுச் சட்டிக்கு வேண்டிய மீனைப் படகின் பின் பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதை விற்க மாட்டார்கள், எவ்வளவு விலை கொடுத்தாலும். படகு ஜெட்டியைத் தொடும்போது வீட்டுப் பெண்கள் பின் பக்கமாக வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முன் பக்கக் கூடை மட்டும் தராசுக்கு வரும். பாக் லெமானும் அவரைச் சுற்றியுள்ளவர்களும் லௌக்குக்கு ஒதுக்குவது செம்பிலாங்தான்.

செம்பிலாங்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கெளுத்தி இனம். மீசை உண்டு, வால் விலாங்குபோல் நீண்டு போகும். முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், ஆக மூன்று. விஷ முள். குத்தினால் ஆள் கத்திவிடுவார். அதனால் படகிலேயே மூன்று முள்ளையும் இடுக்கியால் ஒடித்துவிடுவார்கள். ஒடித்ததைக் கடலில் போட மாட்டார்கள். தண்ணீர் வற்றும்போது பெண்கள் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு சிப்பி பொறுக்குவார்கள். முள்ளைப் பழைய பிஸ்கட் தகரத்தில் சேர்த்து, தகரம் நிறைந்ததும் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைப்பார்கள்.

அடுத்த செவ்வாயும் பை வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. கொடுத்த கையைத் தள்ள எனக்குத் தெரியவில்லை. மீனவர்களிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாள் டாக்டரின் கோப்பில் இருந்தது. அதை நினைத்தால் பயம். ஆனாலும் ருசி. எங்கே வாங்கினீர்கள் என்று ஜேம்ஸ் கேட்டபோது "பசார்ல" என்றேன்.

பாரத்தில் செம்பிலாங்குக்கு நேரே சைபர் போட்டேன். தராசில் ஏறியதை மட்டும் எழுது என்பது விதி. செம்பிலாங் தராசில் ஏறவில்லை. விதிப்படி நான் எழுதியது சரி. அந்த விதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சைபர் போட்ட நாளும் உண்டு.

தகரம்

டாக்டர் இரண்டு தாளை வைத்துக் கேட்ட அன்று சாயந்திரம், பஸ் நிறுத்தத்தில் ஜேம்ஸிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி சொல்லல? என் கறின்னு சொல்லியிருக்கலாமே."

"உங்க சோத்த எதுக்குக்கா உள்ள இழுக்கணும். அது போவட்டும். நான் கை கழுவுனேன்கா. சோப்பு போட்டுத்தான் கழுவுனேன். அப்புறம் கையுறை வேற போட்டேன். கறி அந்தப் போத்தலுக்குள்ள போயிருக்காது. ஆனா யாரு நம்புவா?"

"வேலை போனா என்ன பண்ணுவே?"

"சிம்பாங் ரெங்கத்துல மச்சான் டயர் கடை வச்சிருக்கான். டயருக்கு முள்ளு இல்ல, பாருங்க." சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டு விஷயம் எனக்குப் புரிந்தது. கறியால் போத்தல் அழுக்காகியிருந்தால் குற்றம் என்னுடையது. கறியால் ஆகவில்லை என்றால், கடலில் செம்பிலாங் இருக்கிறது, என் மூன்று வருஷச் சைபர்தான் பொய். எப்படிப் பார்த்தாலும் ஜேம்ஸ் மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை என் முறையில்லாத நாளில் ஜெட்டிக்குப் போனேன். காக் சோம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு புதன்கிழமைதானே? மீன் கேக்க வந்தியா?"

"இல்ல காக். உங்க முள்ளுத் தகரத்தப் பாக்கணும்."

"முள்ளையா? வீட்டுக்காரனக் குத்தப் போறியா?"

"எண்ணணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். போன மாதம் குழியில் கொட்டிய பிறகு சேர்ந்தது அது. மொத்தம் எண்பத்தெட்டு முள். மூன்றால் வகுத்தால் இருபத்தொன்பது மீன். ஒரு முள் மிச்சம்.

"ஒண்ணு கூட இருக்கு காக்."

"அதோட ஜோடி ரெண்டும் லெமான் கால்ல ஏறியிருக்கும்" என்றார். உள்ளே பாக் லெமான் இருமினார்.

இருபத்தொன்பது. ஒரு வீடு, ஒரு மாதத்துக்கும் குறைவு. ஒதுக்கி வைக்கும் வீடுகள் அங்கே எட்டுப் பத்து இருக்கும். நான் அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன்.

எதற்கு என்று காக் சோம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அப்போ எங்க சட்டியக் கொண்டுபோய் ஆபிஸ்ல காட்டப் போற. உனக்குக் குடுத்தது அதுக்குத்தானா?"

"இல்ல காக், ஜேம்ஸுக்கு வேலை போயிரும்..."

"நாளைக்கு ஒருத்தன் வந்து லௌக்கையும் தராசுல ஏத்துன்னு சொன்னா யாரு கேக்கறது? நீ வந்து கேப்பியா? நீதான் வாயே தொறக்க மாட்டியே."

அந்தத் தகரத்தைக் கொடுங்கள், டாக்டரிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும் கேட்டேன். காக் சோம் முள்ளை அள்ளித் தகரத்தில் போட்டு மூடியை அழுத்தினார்.

"எண்ணிட்டேல்ல. போ."

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை முழுவதும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை டாக்டர் அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். வெள்ளிக்கிழமை காலை டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மேசையைத் துடைத்தேன்.

"அக்கா, அந்த மேசைய மூணு தடவ தொடச்சிட்டீங்க. என்ன வேணும்?"

"ஜேம்ஸ் அன்னிக்குச் சாப்பிட்டது என் கறி, டாக்டர். செம்பிலாங்."

டாக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. ஜெட்டியில குடுத்தாங்க."

"எப்போ?"

"செவ்வாக்கெழம."

"எந்தச் செவ்வாக்கெழம?"

"எல்லாச் செவ்வாயும்."

அவர் என் பாரத்தை எடுத்துத் தன் முன்னால் வைத்தார். "அப்போ இந்தச் சைபர்?"

"தராசுல ஏறல டாக்டர். அதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிருது. தராசுல ஏறுனத மட்டும் எழுதச் சொன்னீங்க."

"நீங்க தின்ன மீனுக்கு நீங்களே சைபர் போட்டீங்க."

அதை அவர் திட்டுவதுபோலச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும். நான் முள் எண்ணியதைச் சொன்னேன். எண்பத்தெட்டு என்று சொன்னேன், மிச்சம் ஒன்று என்பதையும் விடவில்லை. தகரம் தரவில்லை, என் வார்த்தைதான் இருக்கிறது என்றேன். என் வார்த்தையை அன்றைக்கு நம்புங்கள் என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஜேம்ஸ் பகல்ல வல போடுவான். செம்பிலாங் பகல்ல பொந்துல கெடக்கும். அதனால அவன் வலைக்கும் வராது. கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. தராசுக்கு வராது. நானும் அந்தக் கூடைக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு ஒரு நாள் வந்து நின்னதில்ல." அவர் தனக்குத்தானே பேசுவதுபோல இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா உங்க கறி போத்தல்ல பட்டுதா, நெசமாவே தண்ணியில இருக்கா, அது இப்ப எனக்குத் தெரியாது. தெரியாம எதையும் எழுத மாட்டேன். ஜேம்ஸக் கூப்பிடுங்க."

அறிக்கையை நிறுத்தி வைத்தார். அவகாசம் கேட்டு மேலே எழுதினார். அடுத்த வாரம் ஜேம்ஸ் மறுபடி தண்ணீர் எடுத்தார். இந்தத் தடவை ஒன்றுக்கு இரண்டாக வெறும் போத்தல். அன்று நிலையத்தில் மூன்று பேருக்கும் தயிர் சோறுதான். "செத்த வீடு மாதிரி இருக்கு" என்றார் ஜேம்ஸ்.

முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டு வெறும் போத்தலும் சுத்தம். ஆற்று வாய்த் தண்ணீரில் செம்பிலாங் இருந்தது. ஜேம்ஸின் வேலை அந்த ஐந்து வாரமும் தொங்கலில் நின்று, பிறகு புதுப்பித்து வந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம். அதைவிடக் கஷ்டமான வேலையை டாக்டர் கொடுத்தார். மூன்று வருஷத்துப் பாரம் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினார். செம்பிலாங் கட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு சைபரையும் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போடச் சொன்னார். அழிப்பான் கூடாது. பழைய சைபரும் தெரிய வேண்டும். நான்கு நாள் ஆனது. அடித்தல் திருத்தல் இல்லாத என் பாரங்களில் இப்போது பக்கத்துக்குப் பக்கம் அடித்தல்.

நடுவில் ஜேம்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, இனிமே செவ்வாக்கெழம எனக்குக் கறி இல்லியா?"

"டயர் கடைக்குப் போ" என்றேன். அவரோடு நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் தானே ஜெட்டிக்கு வந்தார். வீடு வீடாக உட்கார்ந்து பேசினார். எத்தனை மீன் என்பதுதான் வேண்டும், எந்த வீடு என்று எழுத மாட்டோம், லௌக் மீனை யாரும் தராசில் ஏற்ற வேண்டியதில்லை என்று சொன்னார். அதையே எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். சிலர் சரி என்றார்கள். காக் சோம் உள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை.

பாரத்தில் புதிதாக ஒரு வரிசை வந்தது. வீட்டுக்குப் போனது என்று அதற்குப் பேர். மூன்று வீட்டுக்காரர்கள் முள்ளைக் காட்டினார்கள். நான் எண்ணினேன். செவ்வாய்க்கிழமைகளில் காக் சோம் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். கோப்பி இல்லை, கூப்பிடுதல் இல்லை. மழை வந்த ஒரு நாள் பழையபடி தூணை ஒட்டி நின்றேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பாக் லெமான் வீட்டுக்கென்று பேர் போடாமல் விட்ட கட்டத்தில் நான் சைபர் போடவில்லை. 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். ஏழெட்டு வாரம் அப்படியே எழுதினேன்.

பிறகு ஒரு செவ்வாய். நான் பலகையில் ஒரு மடவையின் மூக்கை முட்ட வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தகரம் ஒன்று 'டொக்' என்று வந்து உட்கார்ந்தது. காக் சோம்.

"எண்ணு லா. கழுவித்தான் வச்சிருக்கேன். நாறாது."

கொட்டி எண்ணினேன். அவர் பக்கத்திலேயே நின்று தன் உதட்டுக்குள் கூடவே எண்ணினார். முப்பத்தொன்பது. சரியாகப் பதின்மூன்று மீன். மிச்சம் இல்லை.

"இந்தத் தடவ லெமான் கால் தப்பிச்சுது" என்றார்.

எழுதினேன். அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பேரு போடலதானே?"

"போடல காக். நம்பர் மட்டும்தான்."

தகரத்தை எடுத்துக்கொண்டு போனார். பை எதுவும் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பசாரில் இறங்கி, கெம்போங் மீன் வாங்கினேன்.

இப்போது எனக்கு வேலை ஓய்ந்துவிட்டது. புதிதாக ஜெட்டிக்குப் போகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் கேட்டதால் இதை எழுதினேன். மீன் பேரும் அளக்கும் விதமும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். வலையும் தராசும் கேமராவும் தண்ணீரும் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும். நீங்கள் நின்று பார்த்து, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்றால் சைபர் போடுங்கள். பார்க்காத பக்கத்துக்குப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். அப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கும். நான் மூன்று வருஷம் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தில் ஒரு மனிதனின் வேலையும் ஓர் ஆற்று வாயின் மீனும் இல்லாமல் போகப் பார்த்தன.